கடைசிப் பிரிவு அடித்த ஹவுஸ்

டெனிஸ் ஒல்லரன்ஷாவுக்கு மறக்கத் தெரியாது. பதின்மூன்று வயதில் வகுப்பில் ஒரு பழைய ஆங்கில நாடகத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தபோது, தாக்ரே வாத்தியார் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "இதெல்லாம் ஒனக்கு எதுக்கும்மா? படத்துக்குக் கலர் அடி, போதும்" என்றார். வகுப்பே சிரித்தது. இருபத்தாறு வருடம் ஆகியும் அந்தச் சிரிப்பு அவள் காதைவிட்டுப் போகவில்லை.

இன்று அதே ஓல்டாம் நகரத்துப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். அவள் மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் உருளைக்கிழங்கு மசித்துப் போடுகிறவள். அடிப்பிடித்த பாகத்தை அவர் தட்டுக்கென்றே ஒதுக்கி வைப்பாள். அதில் வயிறு கொஞ்சம் குளிர்ந்தது, மனசு குளிரவில்லை.

அக்டோபரில் அதே பள்ளியில் படிக்கும் மகள் ரோனா ஒரு சுற்றறிக்கையைக் கொண்டுவந்து மேஜையில் அடித்தாள். மதிப்பெண் குறைந்த, ரோனா இருக்கிற கடைசிப் பிரிவுக்கு ஜனவரியிலிருந்து பழைய நாடகப் பாடம் கிடையாது. அதற்குப் பதில் விண்ணப்பப் படிவம் நிரப்பப் பயிற்சியாம். நிர்வாகக் குழு ஓட்டுப் போடுவதுதான் பாக்கி.

"நானூறு வருஷத்துப் பழைய பேச்சு கடையில மூட்டை அடுக்கப் போறவங்களுக்கு எதுக்குன்னு தாக்ரே சார் கேக்கறாரும்மா" என்றாள் ரோனா. "அவர் வாயில வர்றதே பாதி அங்கேருந்து வந்ததுதான். 'தங்கமான மனசு', 'விட்டுது சனியன்', 'காட்டு வாத்தைத் துரத்தாதே'ன்னு தெனம் கூட்டத்துல சொல்றாரே, எல்லாம் நாடகத்துல இருக்குன்னு எங்க இங்கிலீஷ் டீச்சர் ஃபாரோ மிஸ் காட்டினாங்க."

டெனிஸ் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். வியாழக்கிழமைதோறும் தொழிலாளர் மன்றத்தில் பிங்கோவுக்கு, கூப்பிடக் கூப்பிட அவரவர் சீட்டில் எண்ணை அடித்துக்கொண்டே வரும் ஆட்டத்துக்கு, எண் கூப்பிடுகிறவள் அவள்.

"ஏண்டி, அவர் வாயில வர்றதையெல்லாம் எழுதி வைக்க முடியுமா?"

ஆறு வாரம் கடைசிப் பிரிவின் பதினாலு பேரும் காலைக் கூட்டத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு நூலகத்தில் போய் விழுந்தார்கள். எந்த நாடகம் என்று மட்டும் ஃபாரோ மிஸ் சொன்னாள். இடத்தை அவர்களே தேட வேண்டும். ஒரு சொல்லைத் தேடப் போய் முழுக் காட்சியையும் வாசிக்க வேண்டியதாயிற்று. மூன்று தடவை பள்ளியைவிட்டு நிறுத்திவைக்கப்பட்ட கெல்வின்கூட, "ஏய், இவன் எங்க சித்தப்பா மாதிரியே திட்டுறான்டா!" என்று கத்தி நூலகரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். நானூறு வருடத்துப் பேச்சு தங்கள் வீட்டு அடுப்படியில்தான் குடியிருக்கிறது என்று தெரிந்தபின் அவர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

நிர்வாகக் குழுக் கூட்டம் மாலை ஆறு மணிக்கு. வந்த பெற்றோருக்கெல்லாம் டெனிஸ் தேநீரோடு ஆளுக்கொரு பிங்கோச் சீட்டும் பென்சிலும் கொடுத்தாள். கட்டங்களில் எண்கள் இல்லை, தாக்ரேயின் வாய்ச்சொற்கள் இருந்தன.

தாக்ரே எழுந்தார். "மொதல்ல தயக்கத்த ஒடைச்சிடுவோம்" என்று ஆரம்பித்தார். நாற்பது பென்சில்கள் கீறின. பழைய நாடகம் கைக்கு எட்டாததன் பின்னால் வீணாக ஓடுகிற, காட்டு வாத்தைத் துரத்துகிற வேலை என்றார். மறுபடி கீறல். புத்தகச் செலவு பள்ளியின் வீடுவாசலையே தின்றுவிடும் என்றார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இந்த முடிவு எப்போதோ முடிவாகிவிட்ட ஒன்று என்றார்.

"ஹவுஸ்!" என்று கத்தினார் கெல்வினின் அப்பா.

பிங்கோவில் சீட்டு முழுக்க அடித்து ஜெயித்தவர் போடும் கூப்பாடு அது. அந்த ஊரில் ஹவுஸ் கேட்டால் எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். சீட்டைச் சத்தமாக வாசித்துச் சரிபார்க்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. குழுத் தலைவி திருமதி எண்ட்விசில் முப்பது வருடமாக மன்றத்துக்கு வருகிறவள். பழக்க தோஷத்தில் அவளே, "சரி பாருங்க" என்றுவிட்டாள்.

அம்மாவோடு வந்திருந்த ரோனா எழுந்து அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டாள். சீட்டிலிருந்த ஒவ்வொன்றையும் வாசித்தாள். எந்த நாடகம், எந்த அங்கம், எந்தக் காட்சி, யார் யாரிடம் ஏன் சொன்னது என்று, ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னாள். தாக்ரேயின் கழுத்து சிவந்து, காதும் சிவந்தது. டெனிஸ் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இரக்கம் வருமோ என்று பயந்திருந்தாள். துளிகூட வரவில்லை. இனித்தது.

"தாக்ரே சார், ஒங்க சொந்தப் பேச்சு ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள் தலைவி. ஓட்டெடுப்பில் அவர் பக்கம் ஒரே ஒரு கைதான் எழுந்தது. கடைசிப் பிரிவுக்குப் பாடம் நிலைத்தது.

கூட்டம் கலைகையில் அவர் நேரே டெனிஸிடம் வந்தார். சீட்டு யார் வேலை என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்க சமையல்கூடத்து அம்மாதானே? ஒங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?"

அந்த முகத்தில் நடிப்பு இல்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. இத்தனை வருடமாக உருப்போட்டு வைத்திருந்த வசவெல்லாம் டெனிஸின் தொண்டை வரை வந்தது. மறந்தே போனவரிடம் அதைக் கொட்டி என்ன பயன்?

"ஒண்ணும் செய்யலீங்க சார்" என்றாள். "ரெண்டு வருஷம் ஒங்க வகுப்புல இருந்தேன். ஒண்ணுமே செய்யல."