அட்டை இருநூற்றுப் பன்னிரண்டு

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி ஊமையாகி நாலு வருடம் ஆகிறது. அதில் பழுது ஒன்றும் இல்லை. அக்கா படிக்கிறாள்.

அவள் படிப்பது நிதித்துறையில் ஒரு பெரிய தகுதித் தேர்வுக்கு. மொத்தம் மூன்று நிலை. முதல் நிலையை முதல் வருடமே தாண்டிவிட்டாள். இரண்டாவது நிலை இரண்டு முறை அவளைக் கீழே தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தது. இப்போது மூன்றாவது முறை. பகலில் ஒரு கம்பெனியில் வேலை. மற்றவர்கள் போட்ட கணக்கைச் சரிபார்த்து, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாம் நிலை தேறினால் மேல்தளத்தில், கணக்குப் போடுகிறவர்கள் பக்கம், ஒரு நாற்காலி தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். அந்த நாற்காலிக்குத்தான் இத்தனை பாடு.

"இந்தத் தடவையும் போச்சுன்னா புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுடுவேன்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். உப்பை எடு என்பதுபோலச் சொன்னாள். அதனால் பயந்துவிட்டோம்.

இந்த நாலு வருடத்தில் வீடே பரீட்சைக்குத் தயாராகியிருந்தது. அழைப்பு மணியின் கம்பியை அப்பா பிடுங்கிவிட்டார். அம்மா குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுத் திறந்த பாத்திரத்தில் சமைத்தாள். மிக்ஸி அக்கா குளிக்கும்போது மட்டும் ஓடும்; அக்கா சீக்கிரம் குளித்துவிட்டால் அன்றைக்கு அரைபடாதது அரைபடாமலே தட்டுக்கு வரும். மேல்வீட்டுக்காரர் ஒரு படம் மாட்ட ஆணி அடிக்கப் போனார். அம்மா படியேறிப் போய்ப் பேசினாள். அந்தப் படம் இன்னும் அவர் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதில் இருப்பது அவருடைய கல்யாணப் போட்டோ என்று பிறகு தெரிந்தது.

அப்பா செய்தியைச் சத்தமில்லாமல் பார்த்துப் பார்த்து உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டதாக நம்பினார்.

"மந்திரி ராஜினாமா பண்ணிட்டாராம்" என்பார்.

மறுநாள் பேப்பரில் மந்திரி பாலம் திறந்திருப்பார்.

"ஏங்க, இப்படித்தான் போன வாரம் புயல் வருதுன்னீங்க. துணியெல்லாம் அள்ளிட்டு வந்து உள்ள போட்டேன்" என்று அம்மா கிசுகிசுப்பாள். எங்கள் வீட்டில் சண்டைகூடக் கிசுகிசுப்பாகத்தான் நடக்கும். அதில் ஒரு வசதி, பாதியிலேயே மூச்சு வாங்கி முடிந்துவிடும்.

என் பங்கு அட்டை கேட்பது. அக்கா பாடத்தை அறுநூற்று நாற்பது அட்டைகளில் எழுதி வைத்திருந்தாள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். தினமும் அவள் சாப்பிடும்போது நான் கேட்பேன், அவள் சொல்வாள். கல்லூரியில் எனக்கு நாலு பாடம் அரியர் இருந்தது. அந்த நாலையும் நான் ஒருமுறைகூட இவ்வளவு ஒழுங்காகத் திறந்ததில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நாலு வருடம் ஒருவன் தினமும் கேள்வி கேட்டால் அவனுக்கும் பதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது. அக்கா பதிலுக்காக விட்டத்தைப் பார்க்கும்போது என் நாக்கு நுனியில் அது வந்து நிற்கும். நான் விழுங்கிவிடுவேன். இந்த வீட்டில் ஒருவர் படிப்பதற்கே இவ்வளவு நிசப்தம் என்றால், இரண்டாவதாக ஒருவன் படிக்கிறான் என்று தெரிந்தால் மூச்சு விடுவதற்கும் நேரம் ஒதுக்கிவிடுவார்கள்.

பரீட்சைக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு அக்கா மேசையிலேயே தூங்கிவிட்டாள். கன்னம் ஓர் அட்டையின் மேல். வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். ஏற்கெனவே பேசாத என்னிடம்.

அக்காவின் முழங்கைக்குப் பக்கத்தில் அட்டை இருநூற்றுப் பன்னிரண்டு கிடந்தது. அதன் கீழே ஒரு தாளில், விடையோடு, ஒரு குத்தகைக் கணக்கு. பணம் வருடக் கடைசியில் கட்டினால் ஒரு விடை, வருட ஆரம்பத்திலேயே கட்டினால் வேறு விடை. அவளுடைய கால்குலேட்டரில் இரண்டுக்கும் தனித்தனி நிலை உண்டு. வழக்கமாகக் 'கடைசி'யில் இருக்கும். இரண்டு பொத்தானை அழுத்தினால் 'ஆரம்ப'த்துக்கு மாறும். திரையின் மூலையில் எறும்பு அளவுக்கு மூன்று எழுத்து தோன்றும், அவ்வளவுதான். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் மறக்காது. எங்கள் பெரியம்மா மாதிரி.

'ஆரம்ப'த்துக்கு மாற்றி, சும்மா போட்டுப் பார்த்தேன். விடை சரியாக வந்தது. தசமப் புள்ளிக்குப் பிறகும் சரியாக வந்தது. என் வாழ்க்கையில் ஒரு கணக்கு சரியாக வந்து நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான். யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம். அக்கா அசைந்ததும் கால்குலேட்டரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் முகத்துடன் வெளியே போனேன். அந்த முகம் எனக்கு இயல்பாகவே உண்டு.

மறுநாள் காலை ஏழரைக்கு அப்பா அவளை ஸ்கூட்டரில் ஏற்றிப் போனார். தெருமுனை வரைக்கும் இஞ்சினைப் போடாமல் தள்ளிக்கொண்டே போனார். பழக்கதோஷம்.

ஒன்பதரை மணிக்கு நான் மேசையை ஒழுங்குபடுத்தினேன். அதாவது அட்டைகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துக்கொண்டிருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு மேலே வந்தது. பின்பக்கம் திருப்பினேன். வழிமுறைக்குக் கீழே, புதிதாகச் சிவப்பு மையில், அக்காவின் கையெழுத்தில்: 'கணக்கு முடிந்ததும் கடைசிக்கு மாற்று. மறந்தால் செத்தோம்.'

நான் அதைத் திரும்ப மாற்றவில்லை.

அக்கா கால்குலேட்டரைப் பார்க்காமலே பைக்குள் போட்டிருப்பாள். தப்பான நிலையில் போட்டால் தப்பான விடை வரும், அது கேள்விக்குக் கீழே கொடுத்திருக்கும் விடைப் பட்டியலில் இருக்காது, உடனே தெரிந்துவிடும் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். அதற்கும் ஓர் அட்டை இருந்தது, எண் ஐந்து: 'நாம் செய்யக்கூடிய தப்பையெல்லாம் கேள்வி தயாரிக்கிறவர்களே முதலில் செய்து பார்த்து, அந்த விடைகளையும் பட்டியலில் வைத்திருப்பார்கள்.' எவ்வளவு பொறுமையான ஆட்கள்.

"எங்கடா ஓடற?" என்று அம்மா கிசுகிசுத்தாள்.

"அக்காவைப் பார்க்க."

"அவ பரீட்சை எழுதறாடா!" இதையும் கிசுகிசுத்தாள். வீட்டில் யாருமே படிக்காத நேரத்தில்.

பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நிதானமாக யோசித்துப் போயிற்று. பரீட்சை ஒரு வணிக வளாகத்தின் ஐந்தாவது மாடியில். கீழ்த்தளத்தில் மெத்தைக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று மெத்தைகள், 'பத்து வருட உத்தரவாதம்' என்ற பலகையுடன் படுத்திருந்தன. மாடிப்படிக்குக் கீழே ஒரு காவலாளி நாற்காலி போட்டிருந்தார்.

"அண்ணே, மேல எங்க அக்கா பரீட்சை எழுதறாங்க. ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"கால்குலேட்டர் ஆரம்பத்துல இருக்கு, கடைசிக்கு மாத்தணும்னு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, போன தடவை ஒருத்தர் வந்து பொண்டாட்டிக்குப் பிரசவ வலின்னாரு. அவரையே விடல. இடைவேளை பன்னிரண்டு மணிக்கு. உட்காரு."

மெத்தைக் கடை வாசல் படியில் உட்கார்ந்தேன். நெறிமுறைப் பாடத்தில் அட்டை முப்பத்தொன்று நினைவுக்கு வந்தது: 'பாதிக்கும் தகவலை முழுமையாகவும் உரிய நேரத்திலும் வெளியிட வேண்டும்.' உரிய நேரம் நேற்று மாலை ஐந்தே காலுக்கே முடிந்துவிட்டிருந்தது.

பன்னிரண்டுக்கு ஆட்கள் இறங்கி வந்தார்கள். பாதிப் பேர் கண்ணாடி முன்னால் நின்று மெத்தையையே பார்த்தார்கள். அக்கா கடைசியில் வந்தாள். பிழிந்து உதறாமல் காயப்போட்ட துணிபோல இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அம்மாவுக்கு என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"அப்பா?"

"நல்லா இருக்காரு. அக்கா, உன் கால்குலேட்டர்…"

"ஆரம்பத்துல இருக்கு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்போ பார்த்த?"

"மூணாவது கதையில." இரண்டாம் நிலையில் ஒரு நீளமான கதையைக் கொடுத்து, அதிலிருந்து நாலைந்து கேள்வி கேட்பார்கள். "ரெண்டு கதை முழுக்கத் தப்புத் தப்பாப் போட்டிருக்கேன். ஒவ்வொரு விடையும் அழகா அவன் பட்டியல்லயே இருந்துச்சு. இவ்வளவு நல்லாப் போறதேன்னுதான் சந்தேகமே வந்துச்சு."

"திரும்பப் போட்டியா?"

"போட்டேன். அதுல கடைசிக் கதையைப் படிக்கவே நேரமில்ல. நாலு கேள்விக்கும் நடுவுல இருக்கறதை அமுக்கிட்டு வந்துட்டேன்."

"ஏன் நடுவுல?"

"ஓரத்துக்குப் போகத் தெம்பு இல்லடா."

பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்கவில்லை. "யாரு தொட்டது?" என்று பொட்டலத்தைப் பார்த்தே கேட்டாள்.

"நான்தான்."

"எதுக்கு? விளையாடவா?"

"ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

அக்கா திரும்பினாள். நான் திருடினேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வியப்பாகப் பார்த்திருக்க மாட்டாள். "நீயா? எந்தக் கணக்கு?"

"குத்தகை. இருநூத்திப் பன்னிரண்டு."

"விடை?"

"வந்துச்சு."

"புள்ளிக்கு அப்புறம்?"

"ரெண்டு இடம் வரைக்கும்."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் பிஸ்கட்டைப் பிரித்தாள்.

"அப்போ இந்தத் தடவை போச்சுன்னா, அது உன்னாலதான்."

"ஆமாக்கா."

"திரும்பச் சொல்லு."

"என்னாலதான்."

"ரெண்டு தடவை என்னாலதான் போச்சு" என்றாள், வாயில் பிஸ்கட்டோடு. "யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிட்டாருன்னு சொல்லலாம்னு பார்த்தா, மனுஷன் கூட்டவே மாட்டேங்கறாரு. அம்மா ஒரு கரண்டியைக் கீழ போட்டதில்ல. எவ்வளவு பாரம்டா அது. எல்லாரும் சரியா இருந்து, நான் மட்டும் ஃபெயிலாகறது."

பொட்டலம் முழுவதையும் தின்று முடித்தாள். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை. பிறகு எழுந்து, தூளைத் தட்டிவிட்டு, மாடிப்படியில் ஏறினாள். பையை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டுப் போகிறவள்போல ஏறினாள்.

"என்ன தம்பி, திட்டு வாங்கினியா?" என்றார் காவலாளி.

"இல்லண்ணே. பொறுப்பு வாங்கினேன்."

முடிவு வர எட்டு வாரம். அந்த எட்டு வாரமும் அக்கா நன்றாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. சாப்பாட்டில் கைவைக்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்து, "உன்னாலதான்" என்று உதட்டை மட்டும் அசைப்பாள். அப்பா அதைக் கவனித்துவிட்டு, "என்ன, உனக்குத் தயிர் வேணுமா?" என்று கேட்பார்.

முடிவு ஒரு ஞாயிறு காலை வந்தது. தேறியிருந்தாள்.

அம்மா முதலில் அழுதாள், பிறகு சத்தமாக அழலாம் என்று ஞாபகம் வந்து மறுபடி அழுதாள். பரணிலிருந்து குக்கரை இறக்கி, வெறும் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்து, மூன்று விசில் வரும் வரைக்கும் பக்கத்திலேயே நின்று கேட்டாள். மேலே படபடவென்று சுத்தியல் சத்தம். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். செய்தி வாசிப்பவரின் குரல் கீச்சென்று கூடத்தை நிறைத்தது.

"இவனுக்கு இந்தக் குரலா?" என்றார் அப்பா. நாலு வருடமாகச் செய்தி வாசிப்பவருக்கு அப்பா மனசுக்குள் வேறு குரல் கொடுத்து வைத்திருந்தார். அதில் மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள்.

இருபது நிமிடம் நாங்கள் சத்தமாக வாழ்ந்தோம்.

பிறகு அக்கா அறை வாசலில் வந்து நின்றாள். கையில் புது வெள்ளை அட்டைக் கட்டு. "மூணாவது நிலைக்குப் பதிவு இன்னைக்கே ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள். குரலில் மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. பஸ் வந்துவிட்டது, ஏற வேண்டும் என்பது போன்ற குரல்.

அம்மா அடுப்பை அணைத்தாள். அப்பா ரிமோட்டை எடுத்து அழுத்தினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா மேல்வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடினாள்.

அக்கா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மேசைமேல் கால்குலேட்டர் இருந்தது. அதை என் பக்கம் நகர்த்தினாள்.

"வீட்ல யார்கிட்டயும் சொல்லல, நீ கணக்குப் போடுவேன்னு."

"தெய்வமே, நன்றிக்கா."

"ஆனா அடுத்த பரீட்சைக்கு முந்தின நாள் இதைத் தொட்டுடு."

"எதை மாத்தணும்?"

"எனக்குத் தெரிய வேண்டாம். நான் உள்ள போய்ப் பார்த்துச் சரி பண்ணிக்கறேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, முதல் வெள்ளை அட்டையில் 'ஒன்று' என்று எழுதினாள். "தொட்டுட்டேன்னு மட்டும் காலைல சொல்லிடு."