கொய்யா மரத்தடியில் சோலைராஜ்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் சோலைராஜ் மேஸ்திரி. இருபது வருஷம் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். கோபமும் அதே அளவுதான்.

எண்பத்தேழாம் வருஷம் ஒருநாள் மில்லிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மனைவி செல்லத்தாய் அவரைப் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா பிரஷர் பார்த்து, மாத்திரை எழுதிவிட்டு, “வீட்டுல தோட்டம் இருக்கா?” என்றார்.

“இருக்கும்மா. கொய்யா, முருங்கை, நாலு கத்திரிச் செடி” என்றாள் செல்லத்தாய்.

“தினமும் காலையில அங்க போய்க் கண்ண மூடி உட்காருங்க. மூச்சு வந்து போறத மட்டும் கவனிங்க. இருபது நிமிஷம். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

“ஒண்ணும் செய்யாம இருபது நிமிஷமா?” சோலைராஜ் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் கொய்யா மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். மூன்றாவது மூச்சில் கட்டெறும்பு தொடையைப் பதம் பார்த்தது. அலறலில் காகங்கள் பறந்தன. அடுத்த நாள் மனம் மில்லுக்கு ஓடிவிட்டது. அதற்கடுத்த நாள் உட்கார்ந்தபடியே குறட்டை. “நல்லாத்தான் தியானம் பண்ணுதிய!” என்று செல்லத்தாய் சிரித்தாள்.

ஆனாலும் விடவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு காலையில், மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் கொய்யா இலைகள் உரசுவது காதில் விழுந்தது. கத்திரிச் செடிக்கு ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் மெல்லிய சத்தமும் கேட்டது. மில் தன் காதை மந்தமாக்கிவிட்டது என்றே நினைத்திருந்தவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அந்த வாரம் மில்லில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஐயாதுரை இரண்டு ரக நூலை ஒரே கூடையில் கலந்துவிட்டான். எல்லாரும் இடி விழக் காத்திருந்தார்கள். சோலைராஜ் கண்ணை மூடி நாலு மூச்சு விட்டார். “பிரிச்சு வை” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

ஐயாதுரை பக்கத்து மெஷினில் நின்ற ஜமால் முகமதுவிடம் புலம்பினான். “அண்ணாச்சி ஏசியிருந்தாக் கூடப் பரவாயில்ல. பேசாமப் போறாவளே, என் வேலைக்கு உலை வச்சிட்டாவளோ?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்னிப்புக் கேட்க வந்தான். துணைக்கு ஜமால் முகமதுவும் இன்னும் இரண்டு பேரும். செல்லத்தாய் உதட்டில் விரல் வைத்து, தோட்டத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த சோலைராஜைக் காட்டினாள். எழுப்ப யாருக்கும் தைரியமில்லை. கால் வலிக்கவும் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்கள். முதலில் ஜமால் கண்ணை மூடினான். பிறகு ஒவ்வொருவராக மூடினார்கள்.

சோலைராஜ் கண் திறந்தபோது எதிரே வரிசையாக நாலு பேர். கடைசியில் ஐயாதுரை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஐயாதுரை திடுக்கிட்டு விழித்தான். “அண்ணாச்சி, என்னைய வேலைய விட்டுத் தூக்கிட்டியளா?”

“யாருலே சொன்னா? அன்னைக்குக் கோவம் வந்துச்சு. செத்த நேரம் மூச்ச இழுத்து விட்டேன், போயிருச்சு. அம்புட்டுத்தான்.”

எல்லாரும் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்த முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு ஜமால் தனியாக வந்து நின்றான். “வீட்டுல அஞ்சு பிள்ளைய, ஒரே இரைச்சல் அண்ணாச்சி. நானும் இங்க செத்த உக்காந்துக்கிடட்டா?”

சோலைராஜ் சாக்கில் நகர்ந்து இடம் விட்டார்.