நவம்பரில் ஒரே ஒரு கேக்

பூமியின் தென்பாதியில் டிசம்பர்தான் கோடை; அந்த மாதத்து வெயில் காலை ஒன்பது மணிக்கே தகரக் கூரையைச் சுட ஆரம்பித்திருந்தது. ஸ்போர்ட்டிவோ ரிபேரா கிளப்பின் விடுதிச் சமையலறையில் இர்மா சோசா நாற்பது பேருக்கான இறைச்சித் துண்டுகளை மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக அவளுடைய வேலை இதுதான். பரானா ஆற்றங்கரை ஊர்களிலிருந்தும் வடக்கே பருத்திக் காட்டு ஊர்களிலிருந்தும் கால்பந்து கனவோடு வந்து தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு வயிறு வாடாமல் பார்த்துக்கொள்வாள். பிறந்தநாள் வந்தால் காபியில் நனைத்த சாக்லேட் பிஸ்கட்டை அடுக்கி, நடுநடுவே சுண்டக் காய்ச்சிய பால் இனிப்பைத் தடவி, ஒரு கேக்கும் செய்து தருவாள். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்குப் பிறந்தநாளன்று அழுகை வரக்கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம்.

மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவைக்கு வெந்நீர் வாங்க உள்ளே வந்தார் எவாரிஸ்தோ சபலேத்தா. இளையோர் பயிற்சிப் பள்ளியின் தலைவர். பன்னிரண்டு வருடம் முதல் டிவிஷனில் ஆடியவர்; இன்றும் கடைத்தெருவில் நடந்தால் நாலு பேராவது கை குலுக்குவார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் கோப்பை என்றால் அவருக்குப் பைத்தியம். பதினான்கு வயதுப் பிரிவு, பதினைந்து வயதுப் பிரிவு என்று ஒன்பது வருடத்தில் முப்பத்தொரு கோப்பைகளைக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தியிருந்தார். தூசி தட்டும் வேலையை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்.

"சனிக்கிழமையிலிருந்து அஞ்சு தட்டு கொறைச்சுக்கோங்க, தோன்யா இர்மா" என்று, அம்மா என்பதுபோல மரியாதையாக விளித்துச் சொல்லி, ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

வருடக் கடைசியில் கழித்துக்கட்டும் பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருந்தன. தட்டுக் கணக்கு தெரிய வேண்டுமே என்று பெற்றோருக்கும் முன்னால் அது சமையலறைக்கு வந்துவிடும். இர்மா கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். மூன்றாவது பெயரில் கண் நின்றது. தாதேயோ பெனீத்தெஸ்.

தாதேயோவுக்கு வயது பதின்மூன்று. உடம்பைப் பார்த்தால் பத்துகூடச் சொல்ல முடியாது. கூட இருந்தவர்கள் வைத்த பெயர் பட்டாணி. பந்து காலுக்கு வந்தால் அவனிடமிருந்து வாங்குவது கஷ்டம். ஆனால் வாங்க வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை. தோளால் ஒரு இடி இடித்தால் பந்து ஒரு பக்கமும் பட்டாணி ஒரு பக்கமும் உருண்டுவிடும். இடிப்பதில் கெட்டிக்காரன் அதே பிரிவில் ஆடிய பிரௌலியோ. ஜனவரி மூன்றாம் தேதி பிறந்தவன், அதற்குள் மீசை மழிக்க ஆரம்பித்தவன். அவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் பீரோ.

எங்கள் ஊர்ப் போட்டிகளில் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் எல்லாம் ஒரே பிரிவு. ஜனவரி முதல் தேதி பிறந்தவனையும் டிசம்பர் கடைசியில் பிறந்தவனையும் ஒரே வயது என்று காகிதம் சொல்லிவிடும். வளர்கிற வயதில் பன்னிரண்டு மாதம் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று கால்சட்டை தைக்கிற தையற்காரனுக்குத் தெரியும். கால்பந்து மேதைகளுக்குத்தான் தெரியவில்லை.

"பத்தொன்பதாம் தேதி இவனுக்குப் பொறந்தநாள். பிஸ்கட்கூட வாங்கி வெச்சிட்டேன்" என்றாள் இர்மா.

சபலேத்தாவுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பையன் தங்கமானவன், ஆனால் உடம்பு இல்லையே, அடுத்த வருடம் கோப்பை போய்விடுமே என்று ஏதேதோ சொன்னார். இர்மா குளிர்பதனப் பெட்டியின் பக்கத்தில் தொங்கிய கசாப்புக்கடை நாட்காட்டியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். பிள்ளைகளின் பிறந்தநாளையெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் நான்கும் அம்மை போட்ட மாதிரி சிவந்து கிடந்தன. மே மாதத்துக்கு மேல் அங்கொன்றும் இங்கொன்றும்தான். செப்டம்பருக்குப் பிறகு ஒன்றிரண்டு வட்டங்களைத் தவிர தாள் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"ஒம்பது வருஷமா பார்த்துட்டுத்தான் இருக்கேன், தோன் எவாரிஸ்தோ. கோடைக்காலத்துல கேக் செஞ்சு செஞ்சு என் கை ஓஞ்சு போகுது. வருஷக் கடைசியில ஈ ஓட்டுறேன். இந்த மாகாணத்துப் பொம்பளைங்க எல்லாரும் நாலு மாசத்துலதான் பிள்ளை பெத்துக்கிறாங்களா?"

சபலேத்தா சிரிக்க முயன்றார். தற்செயலாக அமைந்திருக்கும் என்றார். அவள் விடவில்லை. பழைய நாட்காட்டிகளின் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதுவது அவள் வழக்கம்; அதனால் ஒன்பது வருடத்தையும் பத்திரமாக வைத்திருந்தாள். மற்ற எட்டையும் எடுத்து மேலே அடுக்கினாள். எல்லா வருடத்துக்கும் அதே கதைதான்.

"நீங்க ஆட்டக்காரன எடுக்கல. ஆறு மாசம் முன்னால பொறந்தவன எடுத்திருக்கீங்க" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்படியை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். கதவருகே போகும்போது இர்மா குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நவம்பர்ல நான் ஒரே ஒரு கேக்தான் செய்யுறேன். யாருக்குன்னு பார்த்துட்டுப் போங்க."

சபலேத்தா திரும்பி வந்து தாளைப் புரட்டினார். நவம்பர் ஒன்பது. வட்டத்துக்குள் அவருடைய பெயரே இருந்தது.

அவர் வெந்நீரை மறந்துவிட்டு நாட்காட்டிகளை மட்டும் அள்ளிக்கொண்டு போனார். அன்று மதியச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. அலுவலகத்தில் கோப்பை அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பதினான்கு வயதில் அவரும் துடைப்பக்குச்சி மாதிரிதான் இருந்தார். அவருடைய சின்ன ஊரில் மொத்தமே பதினொரு பையன்கள் இருந்ததால் அவரைக் கழித்துக்கட்ட யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. பதினேழில்தான் உடம்பு நீண்டது. அந்தச் சபலேத்தா இன்று இந்த வாசலுக்கு வந்திருந்தால், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. அக்டோபரில் நடந்த உறுப்பினர் கூட்டமும் நினைவுக்கு வந்தது. பேக்கரிக்காரர் ஒருவர் எழுந்து, கோப்பை முப்பத்தொன்று இருக்கிறதே, நம் விடுதியிலிருந்து பெரியவர்களின் முதல் அணிக்கு எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டிருந்தார். ஒருவன். அவனும் மாற்று கோல்கீப்பர். முப்பத்தொரு கோப்பையை வைத்து ஒரே ஒரு ஆட்டக்காரனை, அதுவும் பெஞ்சில் உட்காரும் ஆட்டக்காரனை உருவாக்கியிருக்கிறோம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை, பட்டியலை வாசிக்க வேண்டிய நேரத்தில், சபலேத்தா பிள்ளைகளை உடைமாற்றும் அறைக் கதவருகே வரிசையாக நிற்கவைத்தார். சாக்கட்டியால் உயரத்தைக் குறித்தார், எடையையும் பார்த்தார். பிறந்த வருடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உடம்புக்கு உடம்பு பொருத்தி நான்கு அணிகள் பிரித்தார். பீரோ பதினாறு வயதுக்காரர்கள் நடுவே போனான். பட்டாணிக்குத் தன் தோளளவு பிள்ளைகள் கிடைத்தார்கள். இர்மா முன்கச்சையோடு கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரும் இடித்துத் தள்ளாத மைதானத்தில் தாதேயோ முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி ஆடினான். பந்து வருவதற்கு முன்பே எங்கே அனுப்புவது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேரைத் தாண்டினான், மூன்றாமவன் ஓடிவரக் காத்திருந்து பந்தை அவன் கால்களுக்கு நடுவே உருட்டினான், ஆளே இல்லாத இடத்துக்கு ஒரு பந்தை அனுப்ப, அந்த இடத்துக்குக் கூட்டாளி வந்து சேர்ந்தான். வேலியோரம் நின்ற தோட்டக்காரர் புல்வெட்டியை அணைத்துவிட்டுப் பார்த்தார். அடுத்த மைதானத்தில் பீரோ மூன்று முறை இடித்துப் பார்த்து மூன்று முறையும் தானே விழுந்தான். நான்காவது முறை வேறு வழியில்லாமல் பக்கத்தில் நின்றவனுக்குப் பந்தைத் தட்டிக் கொடுத்தான். அழகான பாஸ். அது அவனால் முடியும் என்று அதுவரை அவனுக்கே தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் சபலேத்தா வேலிக்கு வந்தார்.

"நாற்பது தட்டு, தோன்யா இர்மா. ஒண்ணும் கொறைய வேண்டாம்."

பத்தொன்பதாம் தேதி கேக் வெட்டும்போது தாதேயோ சந்தோஷத்தில் அழுதான். அவன் பெயர் எந்தத் தாளில் இருந்தது என்று அவனுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். இரண்டு வருடம் ஒரு கோப்பைகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர் வேலியில் தொங்கிக்கொண்டு திட்டினார்கள். பீரோவின் அப்பா லாரி ஓட்டுபவர், லாரி ஹாரன் மாதிரியே குரல். "தோன் எவாரிஸ்தோ, அந்த அலமாரியில புதுசா வைக்கத்தான் ஒண்ணும் இல்லையே, வாடகைக்கு விடுங்க, நான் சட்டை துணியெல்லாம் வெச்சுக்கிறேன்" என்று அவர் கத்த, வேலியே குலுங்கிச் சிரித்தது. சபலேத்தாவை மாற்ற வேண்டும் என்று உறுப்பினர் கூட்டத்தில் தீர்மானமும் வந்தது. அவர் வாதாடவில்லை. ஒன்பது நாட்காட்டிகளைச் சுவரில் வரிசையாக மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். செப்டம்பர் பதினேழில் பிறந்த பேக்கரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். இவரை விட்டுவிடுங்கள் என்றார்.

ஆறு வருடம் கழிந்தது.

மறுபடியும் டிசம்பர். லீக்கின் கடைசி ஆட்டம். எதிரே தலைநகரத்து அணி. ஸ்போர்ட்டிவோ ரிபேரா தன் வரலாற்றில் முதல் முறையாகச் சாம்பியன் ஆக ஒரே ஒரு கோல் தேவைப்பட்டது. மைதானத்தில் இருந்த பதினொரு பேரில் எட்டுப் பேர் இர்மாவின் சமையலில் வளர்ந்தவர்கள். எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் பீரோ பந்தைப் பறித்தான். இடிக்க வந்தவனை விலக்கிவிட்டு, நிமிர்ந்து பார்த்து, நாற்பது மீட்டருக்கு அப்பால் ஒரு பந்து அனுப்பினான். ஓடிப் போய் அதை நெஞ்சில் வாங்கிய இளைஞன் சபலேத்தாவைவிட ஒரு தலை உயரம். ஊர் இன்னும் அவனைப் பட்டாணி என்றுதான் கூப்பிட்டது. கோல்கீப்பர் சாயும்வரை பொறுத்து, மறுபக்கமாகப் பந்தைத் தட்டிவிட்டான். பந்து வலைக்குள் போனபோது எழுந்த சத்தம் ஆற்றின் அக்கரை வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். லாரிக்காரர் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்மணியைக் கட்டிப்பிடித்து அழுதார்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் விடுதிக்குத் திரண்டு வந்தார்கள். இந்தச் சின்ன கிளப் எப்படி எட்டுப் பேரை உருவாக்கியது, ரகசியம் என்ன என்று சபலேத்தாவைக் கேட்டார்கள். அவர் அவர்களைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். இர்மா பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் பன்னிரண்டு தாளும் சிவந்திருந்தன.

"இவங்ககிட்ட கேளுங்க. நான் கோப்பைய எண்ணிட்டிருந்தேன். இவங்கதான் பிள்ளைங்கள எண்ணினாங்க" என்றார் சபலேத்தா.

இர்மா ஒலிவாங்கிகளைப் பார்த்தாள். பிறகு கையை முன்கச்சையில் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"ரகசியமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. போன நவம்பர்ல மட்டும் ஏழு கேக் செஞ்சேன். பிள்ளைங்க பன்னெண்டு மாசமும்தான் பொறக்குது. பெரியவங்க நமக்குத்தான் அவசரம். நம்ம அலமாரி நிறையணும்னு, வளர்ந்துட்டிருக்கிற பிள்ளைய வளரலைன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிடுறோம். வீட்லயும் அதேதான், பள்ளிக்கூடத்துலயும் அதேதான். லேட்டா வளர்ற பிள்ளை மட்டமான பிள்ளை இல்ல. அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் சோறு போடணும், அவ்வளவுதான்."