ஸ்டூல் மேல் நின்ற கமரா

துஷாந்துக்கு வேண்டியிருந்தது கால் வெடிப்பு. கொழும்பிலிருந்து வேன் பிடித்து, பதுளையில் சுபாஜினியையும் ஏற்றிக்கொண்டு ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வாசலில் இறங்கியவன், விஜயலெட்சுமியின் முகத்தைப் பார்க்கும் முன் காலைத்தான் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போனது. படம் எடுக்க வருகிறார்கள் என்று அவள் முதல்நாளே செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்துக் கழுவி, திருவிழாவுக்குக் கட்டும் மாம்பழக் கலர் சேலையில் நின்றாள்.

விஜயலெட்சுமி, சுபாஜினியின் அம்மா. சுபாஜினி பதுளையில் கல்யாண வீடியோ எடுப்பவள். துஷாந்தின் நிறுவனம் தோட்டத்து மக்களைப் பற்றிப் படம் எடுத்து, அதிகாரிகளைக் கூட்டிப் போட்டுக் காட்டப்போகிறது என்று தெரிந்ததும் அம்மாவைப் பேச வைக்கலாம் என்று சொன்னவளே அவள்தான். கமராவையும் அவள் கையிலேயே கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பேச ஒரே விஷயம்தான் இருந்தது. மண்சரிவுக்குப் பிறகு பதினாறு குடும்பங்களுக்குக் காணி அளந்து கல் நட்டார்கள். காணி உறுதிப் பத்திரம் மட்டும் ஏழு வருஷமாக வரவில்லை. அது இல்லாமல் ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. அதை அந்த அதிகாரிகளின் காதில் போட்டுவிட வேண்டும்.

"அம்மா, இந்தச் சேலை வேணாம். கொழுந்து எடுக்கப் போற மாதிரி வாங்க," என்றான் துஷாந்த்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்க தம்பி. வேல இல்லைங்க."

"பரவால்ல. இடுப்புல சாக்கு கட்டிக்கங்க. கூடையும் மாட்டிக்கங்க."

லீவு நாளில் அடுப்படிக்குள் கூடை மாட்டி நின்ற அம்மாவைப் பார்க்கச் சுபாஜினிக்குக் கூசியது. பக்கத்து வீட்டுப் பரிமளம் வேறு எட்டிப் பார்த்து, "என்னக்கா, இன்னிக்கு ஆள் எண்ணுற பெரட்டு ஒங்க வீட்டுலயா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சுபாஜினி கமராவை அம்மாவின் கண் மட்டத்தில் வைத்தாள். அம்மா நிமிர்ந்து நின்று நாலு நிமிஷம் தடுமாறாமல் பேசினாள். கல் நட்ட தேதி, கொடுத்த மனு, கிடைக்காத பதில் எல்லாம் வரிசையாக வந்தன. சுபாஜினிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

துஷாந்த் உதட்டைப் பிதுக்கினான். "நல்லாப் பேசுறாங்க. ஆனா இப்படிப் பார்த்தா சண்டைக்கு வந்தவங்க மாதிரி இருக்கு. பாக்கிறவங்களுக்கு இரக்கம் வராது. மேல இருந்து எடுங்க சுபா."

அதன் அர்த்தம் அவளுக்கு நன்றாகவே தெரியும். கல்யாண மண்டபத்துக்குள் பெரிய மனிதர் யாராவது வந்தால் அவள் முட்டிபோட்டுக் கீழிருந்து எடுப்பாள். எலும்பும் தோலுமான ஆள்கூட ஓங்கித் தெரிவார். மேலிருந்து எடுத்தால் எப்பேர்ப்பட்டவரும் குறுகிப்போவார். எல்லாம் இரண்டு அடி உயரம் செய்கிற வேலை. தெரிந்துகொண்டேதான் "சரிங்க சேர்" என்றாள். அடுத்த படத்துக்கும் கூப்பிடுவதாக வேனில் வரும்போது அவன் சொல்லியிருந்தான்.

அம்மாவைத் தரையில் உட்கார வைத்தார்கள். சுபாஜினி அடுப்படி ஸ்டூலில் ஏறினாள். அதற்கு ஒரு கால் ஆடும். அம்மாவுக்குப் பதறிவிட்டது.

"பாத்துடி, விழுந்துறாத," என்று அண்ணாந்து பார்த்து, ஸ்டூலைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

"அருமை. அப்படியே முகத்துக்கிட்டப் போங்க, மெதுவா," என்றான் துஷாந்த். சுபாஜினி போனாள்.

மூன்று வாரம் கழித்துப் பதுளையில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். அம்மா மாம்பழக் கலர் சேலையில் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் வானத்திலிருந்து தேயிலை மலை தெரிந்தது, அதில் ஆட்கள் எறும்பாக ஊர்ந்தார்கள். பிறகு கமரா ஆடி ஆடி இருட்டுக்குள் நுழைந்து, கரிபிடித்த சுவரைத் தடவிக்கொண்டே போனது. யாருடையதோ வெடித்த குதிகால் திரை முழுக்க வந்து நின்றது. கடைசியாக அம்மா. தரையோடு தரையாக, அண்ணாந்த கண்ணில் பயத்தோடு, நீட்டிய கையோடு. ஸ்டூல் படத்தில் இல்லை. அவள் பேசிய நாலு நிமிஷமும் இல்லை. அழுகிற வயலினுக்கு மேல் ஒரு குரல், "இந்தத் தாய் உங்களிடம் கையேந்துகிறாள்" என்றது.

முன்வரிசையில் ஓர் அம்மையார் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். சுபாஜினிக்கு அதைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. துஷாந்த் திரும்பி அவளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். தூ என்று வந்தது, அவனைப் பார்த்து மட்டுமல்ல.

அம்மாவை மேடைக்கு அழைத்து, பருப்பும் சீனியும் பால்மாவும் போட்ட ஒரு பையைக் கொடுத்தார்கள்.

"ஐயா, நான் காணி உறுதியத்தான கேட்டேன்," என்றாள் அம்மா. கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. நன்றி சொல்கிறாள் என்று நினைத்துப் பெரிய அதிகாரி பதிலுக்குக் கும்பிட்டார்.

அம்மா திரும்பி வந்து பையைக் காலடியில் வைத்தாள். வெள்ளைத் திரையைக் கையால் காட்டினாள்.

"நீ விழுந்துருவியோன்னுதான் நான் கைய நீட்டுனேன். அது ஒனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"அப்பறம் ஏன்டி கமராவ நிப்பாட்டல?"