அம்மா பார்த்த பக்கம்

மிச்சியோ வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திப் பெட்டியை முன்சீட்டிலிருந்து எடுத்துப் பின்சீட்டில் வைத்தாள். பிறகு அங்கிருந்தும் எடுத்தாள். முன்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டால், எங்காவது மோதும்போது காற்றுப்பை வெடித்து அம்மா நேராக அவள் நெஞ்சில் வந்து விழுவாள். பின்னால் வைத்தால், அம்மாவுக்கும் பின்னால் வரும் லாரிக்கும் நடுவே ஒரு கண்ணாடியும் ஒரு சாண் இடமும்தான். அந்தக் குட்டிக் காரில் இனிமேல் எந்த அடியும் பட முடியாத ஒரே ஆள் அம்மா. ஆனாலும் மிச்சியோவுக்கு அவளைப் பற்றித்தான் கவலை.

"பேசாம வேன்ல வந்துருங்க அத்தான்," என்றார் அம்மாவின் தம்பி ஷோஸோ. "அக்காவக் கொண்டுவந்த சவப்பெட்டியே இந்த டப்பாவவிட உறுதி."

"ஒங்கக்கா அதுல போனது ஒரு தடவ. இதுலதான் தெனமும் போனா," என்றார் அப்பா தோகுஜி, சாவியைத் திருகிக்கொண்டே.

மாமா தோளைக் குலுக்கிவிட்டு வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மிச்சியோ பெட்டியோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஒசாகாவில் ரயிலிலேயே காலம் தள்ளியவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

தகனம் முடிந்து வந்த வழியே திரும்பக் கூடாது. திரும்பினால் இறந்தவர் பின்னாலேயே வந்துவிடுவார் என்பது ஊர் வழக்கம். அஸ்தியை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்று மிச்சியோ கேட்கவில்லை. காலையில் மலைப்பாதை. சவ வண்டியின் பின்விளக்கைப் பார்த்தபடியே அப்பா ஓட்டி வந்துவிட்டார். இப்போது கடலோர நெடுஞ்சாலை. துறைமுகத்து மரலாரிகள் ஓடும் சாலை.

மோதல் சோதனை ஒன்றை அவள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள். இதே அளவுக் கார், எதிரே பெரிய கார். பொம்மையின் முழங்கால் இருந்த இடத்தில் எஞ்சின் இருந்தது. விளக்கிச் சொன்னவர் பொம்மைக்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நெடுஞ்சாலை சேரும் இடத்தில் அப்பா காரை நிறுத்தினார். வலதுபுறம் திரும்ப வேண்டும். வலதுபுறம் பார்த்தார். பிறகு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"போகலாமேப்பா."

"சொல்லு, போறேன்."

"என்னத்தச் சொல்ல?"

"இடது பக்கம் ஏதாவது வருதான்னு."

"நீங்க பாக்கலையா?"

"அது ஒங்கம்மா பாக்குற பக்கம்," என்றார் அப்பா, மின்கட்டணம் கட்டுவது யார் வேலை என்று சொல்கிற குரலில். "இடது கண்ணுல ஓரம் தெரியறதில்ல. ரெண்டு வருஷமாச்சு."

"அப்புறம் எப்பிடி லைசென்ஸ் புதுப்பிச்சாங்க?"

"ஒரு பக்கம் வெட்டுன வட்டத்தக் காட்டி எந்தப் பக்கம் தொறந்திருக்குன்னு கேட்டாங்க. நேராத்தான காட்டுனாங்க."

"அம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீ காரப் புடுங்கிருவேன்னுட்டா."

இடதுபுறமிருந்து ஒரு மரலாரி கடந்துபோனது. கார் அதன் காற்றில் ஒருமுறை ஆடி நின்றது. அப்பா அதை லாரி போன பிறகுதான் பார்த்தார்.

"நாளைக்கு நான் ஒசாகா போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"மீன் வாங்கப் போற வழியில இந்த மாதிரி ஒரே ஒரு திருப்பந்தான்," என்றார் அப்பா, ஆறுதலாக. "மெதுவாப் போவேன்."

மிச்சியோ இறங்கி முன்சீட்டுக்கு வந்தாள். முழங்கால் முன்பலகையில் இடித்தது. பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காற்றுப்பையின் ஞாபகமே வரவில்லை. ஜன்னலை இறக்கி இடதுபுறம் எட்டிப் பார்த்தாள். கடல் வளைவு வரை சாலை காலியாகக் கிடந்தது. வரவில்லை என்று சொன்னால் அப்பா கிளம்பிவிடுவார்; நாளைக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

"வருதா?"

"வருது. இருங்க."

அப்பா தலையாட்டினார். இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது.

"போயிருச்சா?"

"இன்னொண்ணு வருது."

அப்பா கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல், நேரே பார்த்தபடி, பொறுமையாகக் காத்திருந்தார். சாலையில் வெயில் மட்டும் விழுந்திருந்தது.