சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை

மெத்தைக்காரரின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானை அவர் மனைவி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வக்கீல் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். உயிர் போனது விடியற்காலையில். தீர்ப்பு வந்தது மத்தியானம். இந்த மனுஷனுக்கு இன்னும் அரை நாள் உயிரைப் பிடித்துக்கொள்ள முடியவில்லையா என்று புருஷன் மேல் அவளுக்குக் கோபமே வந்தது.

"இப்ப சொல்லலாமாம்மா..."

"சொல்லுங்க. அவரும் இங்கதான இருக்காரு."

"கோர்ட்டு விசாரிக்காதாம். தகராறு வந்தா மத்தியஸ்தர்கிட்டதான் போகணும்னு கடையோட இன்சூரன்ஸ் பாலிசியில இருக்கு. சார் கையெழுத்துப் போட்டிருக்காரு. கம்பெனி அதப் பிடிச்சுக்கிச்சு."

"அப்ப கடைய இவரு கொளுத்தலைன்னு ஜட்ஜு சொல்லலையா?"

"அந்தப் பேச்சே எடுக்கலைம்மா."

எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள், எதற்கென்று தெரியாமல் திரும்பினாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். கொழுந்தன் பின்னாலேயே வந்தான்.

"நல்லதுதான் அண்ணி, மத்தியஸ்தர்னா சட்டுனு முடிஞ்சிரும். செத்த உக்காருங்க."

எங்கே உட்காருவது? பஞ்சோடு காலம் தள்ளிய மனுஷன், நெருப்பென்றால் நடுங்குவார். தினமும் கடையைப் பூட்டுமுன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். ஒருமுறை அவள் அதைச் சட்டையோடு சேர்த்து ஊறவைத்துவிட்டு வாங்கிய திட்டு இருக்கிறதே! கடை எரிந்தபின் விசாரிக்க வந்த கம்பெனிக்காரரிடமும் அந்தக் கட்டையைத்தான் பெருமையாக எடுத்துக் காட்டினார். "கரண்ட்டுக் கோளாறுக்கு வழியே இல்ல சார்." வந்தவர் அப்படியே எழுதிக்கொண்டார். கரண்ட்டு இல்லையென்றால் அது வைத்த நெருப்பு, வைத்தவர் கடைக்காரர். அன்றிலிருந்து தெரு அவரைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. எல்லார் முன்னாலும் ஒரு ஜட்ஜு சொல்லட்டும் என்றுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மத்தியஸ்தர் விசாரிக்கிறப்ப தெருக்காரங்க வந்து கேக்கலாமா?"

"இல்லம்மா, கதவச் சாத்திக்கிட்டு நடக்கும். சாட்சிங்க மட்டும் வரலாம்."

அவள் கூடத்தைப் பார்த்தாள். தெருவே அங்கே உட்கார்ந்திருந்தது.

"அப்ப இங்கயே கேட்டுடறேன். இவருதான் கொளுத்தினாருன்னு நினைக்கிறவங்க, இவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க. இன்னிக்கு எதிர்த்துப் பேச மாட்டாரு, பயப்படாதீங்க."

கொழுந்தன் அவள் கையைப் பிடித்தான்; உதறினாள்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. தூக்குவதற்கு ஆட்கள் எழுந்தார்கள். தலைமாட்டுக்கு வந்தவர் தையல்காரர். இவர் கடைக்கும் மெத்தைக் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா... அன்னிக்கு இஸ்திரிப் பெட்டிய அணைச்சனா இல்லையான்னு எனக்கே தெரியலக்கா. வீட்டுக்குப் போற வழியிலேயே சந்தேகம். திரும்பிப் போய்ப் பாக்கல."

தையல்காரர் மெல்ல நிமிர்ந்தார்.

"கோர்ட்டுல கூப்பிட்டா சொல்லிக்கலாம்னு இருந்தேன். கூப்பிடவே இல்ல." வக்கீல் பக்கம் திரும்பினார். "அந்த மத்தியஸ்தர் ரூமுக்கு நான் சாட்சி சொல்ல வரலாமா சார்?"

"அடப்பாவி..." கொழுந்தன் பாய்ந்தான். அவள் குறுக்கே நின்றாள். தையல்காரரைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"தூக்குங்க," என்றாள். "வாசல்ல படி இருக்கு. தலைப்பக்கம் பாத்து."

தையல்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்தார்.