மாதா ஊற்றில் ஒரு பிடி மண்

மொழிப் பள்ளிக்காரர்கள் நல்ல மனத்தோடுதான் அந்தப் பஸ்ஸை ஒழுங்கு செய்தார்கள். எண்பத்தேழாம் ஆண்டு, இலை உதிர்கிற காலம். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டுக்குப் புதிதாக வந்த தமிழர்கள் தொழிற்சாலையும் வாடகை அறையுமாகவே கிடக்கக்கூடாதாம், சுற்று வட்டாரத்துப் பழைய இடங்களையும் பார்க்க வேண்டுமாம். முதலில் ஒரு காற்றாலை. அடுத்தது புல் முளைத்த ஒரு மேடு. அதற்குள் எந்தக் காலத்து அரசனோ புதைந்து கிடக்கிறானாம். குருசுமுத்து இரண்டையும் பஸ்ஸுக்குள் இருந்தபடியே பார்த்தார். மன்னாரின் பேசாலைக் கடலில் வலை இழுத்த மனிதர், மேட்டைக் கண்டு வாய் பிளப்பாரா? மனைவி எமிலியாவும் குழந்தை ஷரோனும் அங்கே ஷெல் சத்தத்துக்குள் கிடக்க, தனக்குச் சுற்றுலா ஒரு கேடா என்றுதான் அவருக்கு வயிறு எரிந்தது.

மூன்றாவது இடத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். வயலுக்கு நடுவே இடிந்த அத்திவாரக் கற்கள், பக்கத்தில் கசிந்துகொண்டிருக்கும் ஒரு ஊற்று, முன்னால் ஒரு பலகை. கூட வந்தவர்களில் டேனிஷ் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவன் ஸ்ரனிஸ்லாஸ் ஒருவன்தான்.

“முந்தி இது மாதா கோயிலாம் அண்ணை. நோயாளியள் பொல்லு ஊண்டி வந்து, இந்தத் தண்ணியிலை குளிச்சிட்டு, பொல்லை இஞ்சையே போட்டிட்டு நடந்து போறவையாம்.”

“மாதா கோயிலோ? அதை முதலே சொல்லுறதுக்கு என்னடாப்பா!”

அவ்வளவுதான். குளிரையும் பாராமல் சப்பாத்தைக் கழற்றினார். கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய், பீடம் இருந்த இடம் இதுதான் என்று தானே முடிவு செய்து முழங்காலில் நின்றார். மன்னார்ச் சனத்துக்கு இது சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை. மடுக் கோயிலுக்குப் போனால் மாதாவைக் கும்பிடுவார்கள், நேர்த்தி வைப்பார்கள், ஒரு பிடி மண் எடுத்து முடிந்துகொண்டு வருவார்கள். பாம்பு கடித்தாலும் அந்த மண், பயணம் போனாலும் அந்த மண். குருசுமுத்துவும் விரல் விட்டுக் கிண்டினார். “என்ரை மனுசியையும் பிள்ளையையும் கொண்டு வந்து சேர் தாயே” என்று வாய்விட்டுச் சொல்லி, ஒரு பிடி மண்ணைக் கைலேஞ்சியில் முடிந்தார்.

“நிறுத்து!”

ரப்பர் பூட்ஸோடு ஒரு பெண் ஓடி வந்தாள். பெயர் பிர்கிட், மியூசியத்தைச் சேர்ந்தவள். அங்கே மாதக்கணக்காக மண்ணைப் அடுக்கடுக்காகச் சுரண்டி ஆராய்ந்துகொண்டிருப்பது அவள்தான். இது சட்டம் காக்கிற இடம், ஒரு துரும்பையும் எடுக்கக்கூடாது, இப்போதே மண்ணைப் போடு, இல்லாவிட்டால் போலீஸ் என்று அவள் கத்த, ஸ்ரனிஸ்லாஸ் கயிற்றடிக்கு ஓடி வந்தான்.

“அண்ணை, உங்களுக்கு விசரே? பொலிசுக்குப் போச்செண்டால் எமிலியா அக்காவின்ரை விசா அலுவல் என்னாகிறது? போட்டிட்டு வாங்கோ!”

“அவைக்காண்டி எடுத்த மண்ணடா. போட மாட்டன்.”

பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் மனிதர் அசையவில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் அவளிடமே சொன்னார்:

“என் மனைவி வரும். என் மகள் வரும். அப்போ மண் திரும்பி வரும். நான் கள்ளன் இல்லை.”

பிர்கிட் அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள், அவர் கிண்டிய குழியைப் பார்த்தாள். கோபம் தணியாமலே பையிலிருந்து ஒரு மரமுளையை எடுத்துக் குழியின் ஓரத்தில் அறைந்தாள். “மண் வரும் வரைக்கும் இதை மூடமாட்டேன். சீக்கிரம் கொண்டு வா” என்றாள். ஏதோ நாலு கிழமை அலுவல் என்று நினைத்தாளாக்கும்.

எங்கே சீக்கிரம்! குடும்பத்தைக் கூப்பிடத் தமிழர்கள் போட்ட விண்ணப்பங்களை நீதி அமைச்சில் அப்படியே கிடப்பில் போட்டிருந்தார்கள். கேட்டால், பார்க்கிறோம் என்ற ஒரே பதில். குருசுமுத்து ஞாயிறு தவறாமல் சைக்கிளை உழக்கிக்கொண்டு ஊற்றடிக்குப் போய்க் குழி மூடவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வருவார். பிர்கிட் நின்றால், “வந்தாளா?” என்று ஒரு கேள்வி. “இன்னும் இல்லை” என்று ஒரு பதில். அதற்குமேல் இருவருக்கும் கதை இல்லை.

குளிர்காலம் ஒன்று போய் அடுத்ததும் வந்தது. சட்டப்படி வர வேண்டியவர்களை வேண்டுமென்றே மறித்து வைத்திருக்கிறார்கள் என்ற கதை அப்போதுதான் வெளியே கசிந்து, பத்திரிகைகளில் நாறத் தொடங்கியது. அன்றைக்கு பிர்கிட் பேப்பரும் கையுமாக நின்றாள். முகம் சிவந்துபோய்க் கிடந்தது.

“நான் உன்னைத்தான் சட்டம் மீறியவன் என்று ஏசினேன்” என்றாள்.

வசந்தத்தில் ஆராய்ச்சி முடிந்தது. இனிச் சனம் வந்து பார்க்கிற இடம் என்று புல்விரிப்போடு லொறி வந்து நின்றது. வேலையாட்கள் சுருளை விரித்துக்கொண்டே முளையடிக்கு வந்துவிட்டார்கள். குருசுமுத்து ஓடிப்போய்க் குழிக்கு முன்னால் நின்றார்.

“எல்லா இடமும் போடுங்கோ. இதை விடுங்கோ!”

தமிழில்தான் கத்தினார். அந்த அவசரத்தில் எந்த டேனிஷ் வாயில் வரும்? அவர்கள் பிர்கிட்டைப் பார்த்தார்கள். அவள் மெதுவாக வந்து அவர் பக்கத்தில் நின்று, “இந்தக் குழியைச் சுற்றிப் புல்லை வெட்டிப் போடுங்கள்” என்றாள். பச்சைப் புல்லுக்கு நடுவே ஒரு சோற்றுக்கோப்பை அளவு மண் மட்டும் வெறுமையாக மிஞ்சியது.

அந்த வருஷம் கிடப்பில் கிடந்ததெல்லாம் நகரத் தொடங்கியது. எமிலியாவும் ஷரோனும் வந்து இறங்கினார்கள். அப்பாவை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னால் ஒளிந்த பிள்ளையைப் பார்த்து மனிதர் அழுதேவிட்டார். பெட்டிகளை அறையில் வைக்கக்கூட விடவில்லை. பிர்கிட்டுக்கும் சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்ரனிஸ்லாஸின் காரில் நேரே ஊற்றடிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்.

எமிலியா செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் கொடுத்த கைலேஞ்சியை அவிழ்த்தாள். காய்ந்து பொடிந்திருந்த மண்ணைக் குழியில் கொட்டித் தடவிவிட்டாள். பிர்கிட் குனிந்து முளையைப் பிடுங்கினாள். அவள் சிரித்ததைக் குருசுமுத்து அன்றைக்குத்தான் கண்டார்.

ஆனால் எமிலியா எழும்பவில்லை. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு அதே இடத்தில் விரல் விட்டுக் கிண்டி, ஒரு பிடி மண் அள்ளிச் சேலைத் தலைப்பில் முடிந்தாள்.

“ஐயோ, என்னப்பா செய்யிறாய்?” என்றார் குருசுமுத்து.

“என்ரை தம்பி இன்னும் அங்கைதானே நிக்கிறான்.”

“தம்பிமாரைக் கூப்பிடச் சட்டம் இல்லை அக்கா” என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

“சட்டத்தை ஆர் உங்களிட்டைக் கேட்டது?”

பிர்கிட்டுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்த முடிச்சைப் பார்த்தாள், எமிலியாவின் முகத்தைப் பார்த்தாள்.

“இனி யார்?” என்று குருசுமுத்துவைக் கேட்டாள்.

“அவளின் தம்பி.”

பிடுங்கிய முளை இன்னும் பிர்கிட்டின் கையில்தான் இருந்தது. குனிந்து, அதே இடத்தில் மறுபடி அறைந்தாள்.